இழைக்குள் ஏது வானொலி?

‘ரேடியோ ஓவர் ஃபைபர்’ என்பதை ‘ஒளியிழை வானொலி’ என்று எழுதுகிறார்கள். படிப்பவருக்கு நினைவில் வருவது பண்பலைப் பாட்டு. சொல்லவந்ததோ, ரேடியோ அலையைக் கண்ணாடி இழைக்குள் ஒளியில் ஏற்றி ஆன்டெனாவுக்கு அனுப்பும் முறை. ஒளி, இழை, ஒலி என்று ள, ழ, ல மூன்றும் வரிசைகட்டுவதால், அடுத்த அச்சில் அது ‘வானொளி’ ஆனாலும் வியப்பில்லை.

லத்தீனில் ‘ரேடியஸ்’ ஆரம், கதிர். ‘ஃபைப்ரா’ நார், இழை. ஒலி எங்கும் இல்லை. ‘வானொலி’ ஒலிபரப்புக்குப் பிறந்த சொல், அங்கே அது அழகு.

இங்கே நடப்பது வேறு. மைய நிலையத்தில் லேசர் ஒளியின் செறிவை வானலையே, அதாவது ரேடியோ அலையே, ஏற்றி இறக்குகிறது. மறுமுனையில் ஃபோட்டோடயோடு அந்த ஒளியை மின்சமிக்ஞையாக்க, அது பெருக்கி வழியாக ஆன்டெனாவுக்குப் போகிறது. அதே இழையில் இன்னோர் அலைநீளத்தில் வீட்டு இணையத் தரவும் ஓடலாம். 1550 நானோமீட்டரில் இழப்பு கி.மீ.க்குச் சுமார் 0.2 டெசிபல்தான். காற்றில் 60 கிகாஹெர்ட்ஸ் அலையை ஆக்சிஜன் மட்டுமே கி.மீ.க்குச் சுமார் 15 டெசிபல் விழுங்கிவிடும்.

அலை அலையாகவே பயணிக்கிறது என்பதைச் சொல் காட்ட வேண்டும். அலையை எண்களாக்கி அனுப்புவது வேறு முறை: செல்பேசி நிலையத்தின் மைய அலகை ஆன்டெனா அலகோடு இணைக்கும் சிபிஆர்ஐ இணைப்பில், 20 மெகாஹெர்ட்ஸ் எல்டிஇ (4ஜி), ஓர் ஆன்டெனாவுக்கே நொடிக்கு 1.2288 கிகாபிட் கேட்கும். ‘வானொலி’ என்றால் இந்த வேறுபாடே தெரியாது.

இன்னொரு சிக்கல்: சாதாரண ஒற்றைமுறை இழையில் 60 கிகாஹெர்ட்ஸ் அலையின் இரு பக்கப்பட்டைகளும் (அலை ஏறியதால் லேசர் ஒளியின் இருபுறமும் தோன்றும் அதிர்வெண்கள்) நிறப்பிரிகையால், அதாவது அலைநீளத்துக்கு அலைநீளம் வேகம் மாறுவதால், கட்டம் விலகி, சுமார் 1 கி.மீ.யில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒரு பக்கப்பட்டையை வடிகட்டிவிட்டு அனுப்புவது தீர்வு. இதை ‘1 கி.மீ.யில் வானொலி மறைகிறது’ என்று எழுதிப் பாருங்கள், பெட்டி களவுபோன கதையாகிவிடும்.

என் தேர்வு ‘இழைவழி வானலை’. கண்ணாடிக்குள் வான் ஏது என்று தூயவாதிகள் கேட்கலாம். கடைசியில் அது வானில்தானே இறங்கப்போகிறது? அதுவும் உறுத்தினால் ‘இழைவழி ரேடியோ அலை’ என்றே எழுதுங்கள். கடன்சொல் தெளிவாக இருந்தால் குற்றமில்லை. பொருள் தவறிய தனித்தமிழ்தான் குற்றம்.

இதே மொழிபெயர்ப்பாளர்கள் வீட்டுக்கு வரும் இழையையும் ‘கம்பிவழி’ என்கிறார்கள். கம்பி உலோகம், இழை கண்ணாடி. இரண்டையும் சேர்த்துச் சொல்ல ‘வடவழி’ இருக்கிறது (வடம் என்றால் கேபிள்). ‘கம்பியில்லா’ மட்டும் வேரூன்றிவிட்டது, அதைப் பிடுங்க வேண்டாம்.