கூரை மேல் ஏறாமலே சாய்மானத்தை அளப்பது எப்படி?

கூரை எவ்வளவு சாய்வாக இருக்கிறது என்று தெரிய மேலே ஏறித்தான் ஆக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தயவுசெய்து ஏறாதீர்கள், தேவையே இல்லை. ஓடோ தகடோ எதுவாக இருந்தாலும் அது கைமரங்களின் மேல்தான், அதாவது உச்சி முகட்டிலிருந்து சாய்வாக இறங்கும் சட்டங்களின் மேல்தான், படுத்திருக்கிறது, கைமரத்தின் மேல்பக்கமும் அடிப்பக்கமும் இணையாக ஓடுகின்றன, அதனால் வெளியே இருக்கும் அதே கோணம் உள்ளே பரணிலும் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறது.

ஒரு ரசமட்டம், ஒரு டேப், ஒரு பென்சில் போதும். ரசமட்டத்தின் ஒரு முனையிலிருந்து 50 செ.மீ. தள்ளி ஒரு கோடு போடுங்கள். அந்த முனையின் மேல்விளிம்பைக் கைமரத்தின் அடியில் ஒட்டி வைத்து, மறுமுனையை முகட்டுப் பக்கம் நீட்டி, குமிழி நடுவில் நிற்கும்வரை மெல்ல ஏற்றி இறக்குங்கள். நின்றதும், கோட்டிலிருந்து நேர் மேலே கைமரம் வரை எத்தனை செ.மீ. என்று பாருங்கள். 25 வந்தால், 25-ஐ 50-ஆல் வகுத்து 0.5, கால்குலேட்டரில் அதற்கு டேன் இன்வர்ஸ் (tan⁻¹ பொத்தான்) போட்டால் சுமார் 26.6 டிகிரி.

இவ்வளவு சின்ன முக்கோணம் எப்படி முழுக் கூரைக்கும் பொருந்தும்? கோணங்கள் ஒன்றாக இருந்தால் பக்கங்களின் விகிதமும் ஒன்றுதான், முக்கோணம் எவ்வளவு பெரிதானாலும் அது மாறாது. கிடைமட்டத்தைக் காட்டித்தருவது புவியீர்ப்பு: திரவம் கீழே இறங்கப் பார்க்கும், குமிழி இருப்பதிலேயே உயரமான இடத்துக்குப் போகும்.

அளவில் 5 மி.மீ. பிசகினால் இந்தச் சரிவில் கிட்டத்தட்ட அரை டிகிரி தப்பும். 50-க்குப் பதில் 100 செ.மீ. எடுத்தால் அந்தத் தப்பு பாதியாகிவிடும், இடம் இருந்தால் நான் அதைத்தான் சொல்வேன். ரசமட்டத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. ஒரே இடத்தில் வைத்து முனை மாற்றித் திருப்பிப் பாருங்கள், குமிழி வேறு இடத்தில் நின்றால் ரசமட்டமே கோணல். அப்புறம், பழைய மரம் நடுவில் தொய்ந்திருக்கும், ஆகவே இரண்டு மூன்று கைமரங்களிலாவது அளக்க வேண்டும்.

செல்போனிலும் அளக்கலாம், அதற்குள் இருக்கும் முடுக்கமானியும் புவியீர்ப்பின் திசையைத்தான் உணர்கிறது. ஆனால் பின்பக்கக் கேமரா மேடு மரத்தில் முட்டிக்கொண்டு கோணத்தைக் கெடுக்கும், பக்கவாட்டு விளிம்பை ஒட்டி வையுங்கள்.

பரணில் கால் வைக்கும்போதுதான் உண்மையான ஆபத்து. குறுக்குச் சட்டங்களின் மேல் மட்டும் மிதியுங்கள். அவற்றுக்கு நடுவே இருக்கும் சீலிங் பலகை ஆள் எடையைத் தாங்காது. தலைக்கு மேலே ஆணி முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும், மின்கம்பிகளும் ஓடும், நல்ல வெளிச்சம் இல்லாமல் நுழையாதீர்கள்.

ஒன்று கவனியுங்கள்: சில வீடுகளில் அறையின் சீலிங்கும் சாய்வாக இருக்கும், ஆனால் கூரையைவிடக் குறைவான சாய்வில். அதை அளந்துவிட்டுக் கூரைக் கணக்குப் போட்டால் ஓடு பற்றாது. 26.6 டிகிரிக் கூரை என்றால் தரையில் 100 சதுர மீட்டரை மூடும் இடத்துக்குக் கிட்டத்தட்ட 112 சதுர மீட்டர் ஓடு வேண்டும், உடைசல் தனி.