எல்லிஸ் தீவில் யாரும் உங்கள் பெயரை மாற்றவில்லை

போன வாரமும் ஒருவர் வந்தார். தாத்தா போலந்துக்காரர். "கப்பலில் வந்து, குடியேறுவோரைச் சோதித்து அனுமதிக்கும் நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் இறங்கியதும் குமாஸ்தா பெயரை ஸ்மித் என்று மாற்றி எழுதிவிட்டார்" என்று வீட்டில் சொல்லக் கேட்டு வளர்ந்தவர். அதை நம்பி நான்கு வருடமாகக் கப்பல் பட்டியல்களில் ஸ்மித்தைத் தேடியிருக்கிறார். அமெரிக்கக் குடும்பங்களுக்கு வம்சாவளி தேடிக் கொடுப்பதுதான் என் தொழில். இதே கதையை எத்தனை பேரிடம் கேட்பது!

தயவுசெய்து கவனியுங்கள். 1892இல் திறந்து 1954இல் மூடிய அந்த நிலையத்தில் அதிகாரிகள் புதிதாகப் பெயர் எழுதுவதில்லை. பட்டியலைக் கப்பல் கம்பெனிக்காரர்கள் புறப்பட்ட துறைமுகத்தில், ஹாம்பர்க்கிலோ நேப்பிள்ஸிலோ, கேட்டு எழுதிக்கொண்டு வருவார்கள். ஆள் இவர்தானா, கையில் எவ்வளவு பணம், யார் வீட்டுக்குப் போகிறார் என்று அதை வைத்துச் சரிபார்ப்பதுதான் தீவில் நடந்தது. மொழி புரியாமல் தப்பாக எழுதியிருப்பார்கள் என்பீர்கள். மொழிபெயர்ப்பாளர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். பின்னாளில் நியூயார்க் மேயரான லா கார்டியா 1907 முதல் 1910 வரை அங்கே அந்த வேலைதான் பார்த்தார். பெயரை மாற்றிக்கொண்டது பெரும்பாலும் வந்தவர்களேதான், அதுவும் சில வருடம் கழித்து. வேலை கிடைக்கவேண்டும், பள்ளியில் பிள்ளையைக் கிண்டல் செய்யக்கூடாது. அதற்கு அன்று கோர்ட் படி ஏறவேண்டிய கட்டாயமும் இருக்கவில்லை.

தாத்தாவின் குடியுரிமை மனுவை வரவழைத்தோம். 1906க்குப் பிந்தியது என்பதால் வந்த கப்பலும் தேதியும் இருந்தன. மேலே ஸ்மித்; வந்தபோது இருந்த பெயர் என்ற இடத்தில் கோவால்ஸ்கி. போலிஷ் மொழியில் 'கோவால்' என்றால் கொல்லன், ஸ்மித் என்றாலும் அதுதான். பெயரைத் தானே மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறார் மனிதர். கையெழுத்து 'கே' என்ற எழுத்தில் தொடங்கி, அடித்துத் திருத்தப்பட்டிருந்தது. பேரன் அந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

அப்புறம், அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள். 1850க்கு முன் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான். 1850 முதல் வீட்டில் எல்லோர் பெயரும், பிறந்த மாநிலமும் உண்டு. பிள்ளைகள் வரிசையைப் பாருங்கள்: மூத்தவன் ஓஹையோ, அடுத்தவள் இந்தியானா, கடைக்குட்டி அயோவா. வயதையும் சேர்த்துப் பார்த்தால் குடும்பம் ஊர் ஊராக வண்டி கட்டிப் போன பாதை கிடைத்துவிடும். இதை விட்டுவிட்டுத் தகப்பன் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு போகிறார்கள்! 1890 தாள்களுக்காக அலையாதீர்கள். 1921 தீவிபத்திலும் அதன் பிறகும் அநேகமாக எல்லாமே போய்விட்டன.

கறுப்பினக் குடும்பங்களின் நிலை வேறு. அடிமைப்படுத்தப்பட்டவர்கள் 1850, 1860 பட்டியல்களில் பெரும்பாலும் பெயரே இல்லாமல், வயதும் பாலினமுமாக எஜமானர் பெயருக்குக் கீழே கிடக்கிறார்கள். பெயரோடு வருவது 1870இல்தான். அங்கே வழி அடைத்தால் விடுதலை பெற்ற அடிமைகளுக்காகத் தொடங்கிய ஃப்ரீட்மன்ஸ் வங்கியின் பதிவுகளைப் பாருங்கள். பெற்றோர், உடன்பிறந்தார் பெயர்கள் பலவற்றில் இருக்கும்.

இணையத்தில் யாரோ ஏற்றிய வம்ச மரத்தை அப்படியே நகலெடுக்காதீர்கள். ஒரே கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள். எட்டு வயதுத் தாய்க்குப் பிள்ளை பிறந்த மரங்களையெல்லாம் பார்த்துவிட்டேன். பாட்டி இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்ப் பழைய படங்களைக் காட்டிக் கேளுங்கள். யார், எந்த ஊர் என்று பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முகத்தில் இறங்கிவிடும்.