கடின லென்ஸைத் தண்ணீரில் கழுவாதீர்கள்

"கொதிச்சாறின தண்ணியிலதானே டொக்டர் கழுவுறன்." மட்டக்களப்பில் கண் பார்க்கும் எனக்கு இதைக் கேட்டால் இப்போதெல்லாம் கோபமே வந்துவிடுகிறது.

போன கிழமை வந்த தங்கச்சிக்குக் கெரட்டோகோனஸ், அதாவது கருவிழி மெலிந்து கூம்புபோலப் பிதுங்கும் நோய். கருவிழி மேல் வைக்கும் கடின கொன்டக்ட் லென்ஸ் இல்லாமல் வகுப்பில் போர்ட் தெரியாது. லென்ஸ் பழசாகிவிட்டது, புதிது வேண்டும் என்றார். லென்ஸில் ஒரு கீறலும் இல்லை, புரதம்தான் படலமாக அப்பியிருந்தது. மேல் இமையைப் புரட்டினால் உள்ளே முழுக்கப் புடைப்புகள். மங்கலும் உறுத்தலும் அதனால்தான்.

இந்தப் படலம் வெளித்தூசி அல்ல. உங்கள் கண்ணீரிலேயே இருக்கும் லைசோசைம் போன்ற புரதங்கள் ஒட்டிக் காய்ந்து படிவது. எவ்வளவு சுத்தமான தண்ணீரும் அதைக் கழற்றாது. சூடாக ஊற்றினாலோ, சட்டியில் முட்டை வெள்ளைக்கரு பிடிப்பதுபோல இன்னும் இறுகிப் பிடிக்கும், லென்ஸும் வளைந்துபோகும். ஆறவைத்தால் சரிதானே என்பீர்கள். கொதிக்கும்போது கிருமி சாகும், உண்மைதான். ஆனால் ஆறவைத்த பாத்திரமும் ஊற்றும் கோப்பையும் விரலும் கிருமி நீக்கியவையா? கிணற்றுத் தண்ணீரின் உப்பு கொதித்தால் போய்விடுமா? குழாய்த் தண்ணீரும் வேண்டாம். அகந்தமீபா என்ற நுண்ணுயிர் தண்ணீர் வழியாகத்தான் லென்ஸுக்கு வருகிறது. அது கருவிழியைப் பிடித்தால் மாதக்கணக்கில் மருந்து, சிலருக்குப் பார்வையே போகும்.

சரி, என்ன செய்வது? சவர்க்காரத்தால் கை கழுவி நன்றாகத் துடையுங்கள். லென்ஸைக் கழற்றியதும், அன்றிரவே, கடின லென்ஸுக்கான கிளீனர் விட்டு உள்ளங்கையில் மெதுவாகத் தேயுங்கள். ஊறவைத்தால் போதும் என்று விடாதீர்கள், தேய்த்தால்தான் படலம் போகும். அப்புறம் கிருமி நீக்கிய உப்புக் கரைசலான சலைனில் அலசி, லென்ஸ் ஊறவைக்கும் புதிய கரைசலில் இடுங்கள். நேற்றைய கரைசலுக்கு மேல் ஊற்றி நிரப்ப வேண்டாம். டூத்பேஸ்ட், எச்சில், ஸ்பிரிட் எதுவும் கிட்டவே வரக்கூடாது.

புரதம் நீக்கும் மருந்து வேறு. எத்தனை நாளுக்கு ஒரு தடவை, எவ்வளவு நேரம் என்பது அதன் வகையைப் பொறுத்தது. போத்தலில் உள்ளபடி செய்யுங்கள். குளோரின் வகை மருந்தில் இட்ட லென்ஸை அலசாமல் கண்ணில் வைத்தால் கண் வெந்துபோகும். கரைசல் விலைதான், தெரியும். காசு பிரச்சினை என்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், தயவுசெய்து தண்ணீருக்கு மட்டும் போகாதீர்கள்.

லென்ஸ் பெட்டியை 3 மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கண் சிவந்து வலித்தால், வெளிச்சம் பார்க்கக் கூசினால், லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றே வாருங்கள். வரும்போது லென்ஸையும் பெட்டியையும் கழுவாமல் அப்படியே கொண்டுவாருங்கள்.