படுத்தால் மறையும் கட்டி

இருபது வருடமாக பாய்லர் முன்னால் நின்றுகொண்டே டீ ஆற்றுகிறவர் அவர். "தொடை இடுக்குல நெறி கட்டியிருக்கு டாக்டர்" என்றார். வேறொரு இடத்தில் குடலிறக்கம் என்று சொல்லி ஆபரேஷனுக்கு நாளும் குறித்துவிட்டார்களாம்.

படுக்க வைத்துப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை. சரி, நில்லுங்கள் என்றேன். கொஞ்ச நேரத்தில் நெல்லிக்காய் அளவில் மெத்தென்று புடைத்தது. தோலுக்கடியில் லேசான நீலம். குடலிறக்கமும் படுத்தால் உள்ளே போகும், இருமினால் வெளியே தள்ளும். ஆனால் இவர் இருமியபோது விரலுக்கடியில் ஓர் அதிர்வு ஓடியது. கீழே, முழங்காலருகே சுருண்டிருந்த ரத்தக்குழாயைத் தட்டினால் மேலே வைத்த விரலில் அலை வந்து மோதியது. (நம் ஊரில் இதை 'நரம்பு சுருட்டல்' என்பார்கள். நரம்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.)

உள் கணுக்காலுக்கு முன்னால் புறப்பட்டு, தோலை ஒட்டியே தொடை இடுக்கு வரை ஏறி வருவது பெரிய சஃபீனஸ் சிரை (சிரை என்றால் ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்). கவட்டி மடிப்பின் உள்முனையில் ஒரு சின்ன எலும்பு முடிச்சு கைக்குத் தட்டுப்படும். அதற்கு 3, 4 செ.மீ. கீழே, சற்று வெளிப்புறமாக, தசையுறையில் ஓர் இடைவெளி இருக்கிறது. அதற்குள் நுழைந்து ஆழத்திலுள்ள தொடைச் சிரையோடு அது கலக்கிறது. அங்கே இருக்கும் வால்வு பழுதானால் ரத்தம் திரும்பி வந்து சிரை பலூன் போல வீங்கும். அதுதான் சஃபீனா வேரிக்ஸ். தொடைக் குடலிறக்கமும் பக்கத்திலேயே வருவதால்தான் இந்தக் குழப்பம். நிற்க வைத்து, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும்.

அடிவயிறு, இடுப்பின் வெளிப்பக்கம், பிறப்புறுப்பு என மூன்று இடங்களிலிருந்தும் கிளைகள் வந்து இந்த முனையில்தான் சேர்கின்றன. தொடையிலிருந்தும் ஒன்றிரண்டு வரும். கர்ப்பிணிகள் சிலருக்குப் பிறப்புறுப்பருகே சிரைகள் புடைப்பது இந்தக் கிளைகள் வழியாகவும்தான். பெரும்பாலும் பிரசவத்துக்கு அப்புறம் வடிந்துவிடும்.

பயப்பட வேண்டியது வேறு ஒன்று. புடைத்த சிரை திடீரென்று கயிறு போல இறுகி, சிவந்து, வலி தொடை இடுக்கை நோக்கி ஏறினால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். எண்ணெய் போட்டு நீவாதீர்கள், அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். உறைவு, தொடைச் சிரையோடு கலக்கும் அந்த இணைப்புக்கு 3 செ.மீ. அருகில் வந்துவிட்டால், ஆழச் சிரை உறைவுக்குக் கொடுப்பது போலவே ரத்தம் உறையாமலிருக்க மருந்து தர வேண்டியிருக்கும். உறைவு நழுவினால் நுரையீரலுக்குப் போகும்.

மாஸ்டருக்கு இணைப்பில் கட்டுப்போட்டுச் சிரையை எடுத்தோம். பாடப்புத்தகப் படத்தில் இருப்பது போலக் கிளைகள் அமைந்த ஆளை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். ஒரு கிளையைக் கட்டாமல் விட்டாலும் சுருட்டல் திரும்பி வரலாம். இவருக்குப் பிறப்புறுப்பிலிருந்து வரும் கிளை சஃபீனஸைத் தொடாமல் நேராகத் தொடைச் சிரையில் போய் விழுந்திருந்தது. அதைத் தேடிப்பிடிக்கத்தான் அன்று நேரமாயிற்று.