வெண்டை வேர் எங்கே தண்ணீர் குடிக்கிறது?

சென்னைக்கு வடக்கே, மீஞ்சூர்ப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "போர் போடறதுக்கு முன்னாடி தரையில கம்பி அடிச்சு மீட்டர் வெச்சுப் பாக்கறாங்களே சார், அதை வெச்சு என் வெண்டைச் செடி எந்த ஆழத்துல தண்ணி குடிக்குதுன்னு சொல்ல முடியுமா?"

முடியும். அடிப்படை, பள்ளியில் படித்த ஓம் விதிதான். இரண்டு கம்பிகள் வழியே மண்ணுக்குள் மின்னோட்டத்தை விட்டு, வேறு இரண்டுக்கு இடையே மின்னழுத்தத்தை அளப்பார்கள். இரண்டையும் வைத்து மண்ணின் மின்தடையைக் கணக்கிடலாம். கம்பிகளைத் தள்ளித் தள்ளி நட்டால் மின்னோட்டம் ஆழமாக இறங்கும். இப்போது பல மின்முனைகளை (அந்தக் கம்பிகள்தான்) வரிசையாக நட்டுவிட்டால் கருவியே நான்கு நான்காகத் தேர்ந்து அளந்துவிடும். கணினி அதை மண்ணின் குறுக்குவெட்டுப் படமாக்கும்.

ஆனால் ஒற்றைப் படத்தை நம்ப முடியாது. ஈர மணலும் குறைந்த மின்தடை காட்டும், களிமண்ணும் காட்டும். அழகே இங்குதான். கம்பிகளை அசைக்காமல் சில நாள் கழித்து மறுபடி அளந்து, முதல் படத்தை இரண்டாவதிலிருந்து கழிக்கிறார்கள். களி, மணல், கல் எதுவும் ஒரு வாரத்தில் மாறாது. கழித்தலில் காணாமல் போய்விடும். மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணீரின் நடமாட்டம். தண்ணீர் குறைந்தால் மின்தடை ஏறும்; ஆகவே செடி வரிசைக்கு நேர் கீழே மின்தடை ஏறிய திட்டு தெரியும். மேல்மண் வறண்டதும் அந்தத் திட்டு கீழே இறங்கும்: வேர் அடுத்த அடுக்கில் உறிஞ்சத் தொடங்கிவிட்டது! ஒரு வேரையும் வெட்டவில்லை. வெயிலில் ஆவியானதைப் பிரித்தறிய, பக்கத்தில் செடியில்லாத துண்டையும் அளக்க வேண்டும். மண் ஒரு டிகிரி சூடானாலே மின்கடத்தல் சுமார் 2% கூடும்; அதற்கும் திருத்தம் உண்டு.

தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவருக்குக் கேட்டதைக் கொடுக்கிறோம். இந்த மாதிரி அளவீட்டுக்குப் பணம் கேட்டால் மட்டும் ஆயிரம் கேள்வி.

மீஞ்சூரில் ஒரு வில்லங்கம் உண்டு. பல ஆண்டுகளாக நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் அங்கே கடல்நீர் உள்ளே புகுந்திருக்கிறது. கடல்நீரின் மின்தடை எண் ஏறக்குறைய 0.2 ஓம் மீட்டர்தான்; அதாவது உப்பு நீரில் மின்சாரம் மிக எளிதாக ஓடும். உப்புக் கிணற்று நீரைப் பாய்ச்சினால், வேர் தண்ணீரை எடுத்துக்கொண்டு உப்பில் பெரும்பகுதியை மண்ணிலேயே விட்டுவிடும். நீர் குறைவதால் மின்தடை ஏற வேண்டும். மிஞ்சிய நீர் கரிப்பதால் இறங்க வேண்டும். இரண்டும் இழுபறி. செடி வயிறாரக் குடித்திருக்கும், படமோ 'கொஞ்சம்தான்' என்று காட்டும்.

ஆகவே உங்கள் நிலத்தில் படத்தோடு நிறுத்தக் கூடாது. மின்முனைக்குப் பக்கத்தில் ஓரிரு இடங்களில் ஆழவாரியாக மண் எடுத்து, எடை போட்டு, 105 டிகிரி செல்சியஸில் உலர்த்தி மறுபடி எடை போட வேண்டும். உப்பையும் தனியே சோதித்துவிடுங்கள்.