சேடில் பேக்கை எங்கே கட்டுகிறீர்கள்?

மே மாதம் பிறந்தால் லடாக், ஸ்பிதி என்று கிளம்பும் பைக்குகள் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வரத் தொடங்கும். பெரும்பாலும் ஹிமாலயன், இடையிடையே எக்ஸ்பல்ஸ், கேடிஎம் 390 அட்வென்ச்சர். ஆயில் மாற்றி, பிரேக் பேட் பார்த்து, செயினைச் சரிசெய்து கொடுத்ததும் வண்டிக்காரர் ஒரு பொட்டலத்தைக் காட்டுவார். ஆன்லைனில் வாங்கிய துணி சேடில் பேக், அதாவது பின்சீட்டின் இரண்டு பக்கமும் தொங்கவிடும் ஜோடிப் பை. "இத நானே கட்டிக்கிறேன்ணா" என்பார். வண்டியில் நாங்கள் பார்த்த வேலையைவிட அதிக கவனம் தேவைப்படுவது அந்தக் கட்டுக்குத்தான்.

துணிப் பை மோசம் என்று சொல்ல வரவில்லை. மண்ரோட்டில் போகிறவர்களுக்கு அலுமினியப் பெட்டியைவிட அதைத்தான் சிபாரிசு செய்வேன். எடை குறைவு. வண்டி சாயும்போது பெட்டிக்கும் தரைக்கும் நடுவில் கால் மாட்டி எலும்பு முறிகிற ஆபத்தும் குறைவு. ஆனால் பெட்டியை போல்ட் பிடித்துக்கொள்ளும். பையைப் பிடித்துக்கொள்ள ஸ்ட்ராப் மட்டும்தான்.

முதலில் சைலன்சர். ஹிமாலயனிலும் எக்ஸ்பல்ஸிலும் அது வலது பக்கம் மேல்நோக்கி ஏறி, பை தொங்கும் உயரத்துக்கே வந்துவிடும். சந்தையில் கிடைக்கும் பைகளில் நிறைய பிவிசி பூசிய துணி. பிவிசி 80 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளகத் தொடங்கும். சாதாரண நைலான் 220 டிகிரியில் உருகிவிடும். நெடுஞ்சாலையில் காற்று அடித்துக்கொண்டே இருப்பதால் ஒன்றும் தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை முதல், இரண்டாம் கியரில் ஏறிப் பாருங்கள். எஞ்சின் முக்கும், காற்றோட்டம் இருக்காது, சைலன்சர் கொதிக்கும். பையில் ஓட்டை விழுவதோடு போனால் அதிர்ஷ்டம், உள்ளே துணி புகைந்து தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு.

சைலன்சருக்கு ஹீட் ஷீல்டு (சூட்டைத் தடுக்கும் தகடு) போடுங்கள், துணிப் பைக்கும் அதற்கும் நடுவே நான்கு விரல் இடைவெளியும் விடுங்கள். அந்த இடைவெளியைப் பையை முழுதாக அடைத்த பிறகு அளக்க வேண்டும். காலிப் பையை வைத்து அளந்துவிட்டு, அப்புறம் ஜெர்கினைத் திணித்தால் பை உப்பிக்கொண்டு சைலன்சரில் போய் உட்காரும். பவர் பேங்க், ஸ்ப்ரே டின் எல்லாம் இடது பக்கப் பையில். பெட்ரோலை எந்தப் பையிலும் வைக்காதீர்கள்.

அடுத்தது சக்கரம். ஹிமாலயன் 450-இல் பின்சக்கரம் 200 மி.மீ. வரை மேலும் கீழும் போய் வரும். ஸ்டாண்டில் நிற்கும்போது டயருக்கும் துணிப் பைக்கும் நடுவே தெரிகிற இடத்தை நம்பக் கூடாது. பெரிய பள்ளத்தில் விழும்போது டயர் எவ்வளவு மேலே வரும் என்று கணக்கிட்டுத்தான் பையின் உட்பக்கத்தைப் பார்க்க வேண்டும். இதற்குத்தான் சேடில் ஸ்டே, பை உள்ளே போகாமல் தடுக்கும் கம்பி. அந்தக் கம்பி இல்லாமல் சீட்டின் மேலே போட்டுத் தொங்கவிட்டால், இரண்டு பைகளும் உள்பக்கமாக ஆடி டயரை உரசும். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கிற இடம் இதுவல்ல.

ஸ்ட்ராப்பை எதில் கட்டுவது? ஃபிரேமில், ஸ்டேயில், பில்லியன் ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட்டில். இண்டிகேட்டர் தண்டிலும் பிளாஸ்டிக் பேனலிலும் கட்டாதீர்கள் என்றால் எல்லோருக்கும் புரிகிறது. பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் கட்டாதீர்கள் என்றால் மட்டும் "ஏன், அது இரும்புதானே?" என்கிறார்கள். இரும்புதான், ஆனால் சக்கரத்தோடு சேர்ந்து அசைகிற இரும்பு. ஒவ்வொரு குழியிலும் ஸ்ட்ராப் தளர்ந்து இறுகி, கடைசியில் பக்கிள் வழுக்கிவிடும். மிச்சமிருக்கும் ஸ்ட்ராப் நுனியைச் சுருட்டிக் கட்டிவையுங்கள், இல்லாவிட்டால் வெட்டி நுனியைத் தீயில் காட்டுங்கள். தொங்கும் நுனி செயினுக்குள் போனால் ஓடுகிற வேகத்திலேயே பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். ரப்பர் போல இழுபடும் பன்ஜி கயிறு மழைக்கோட்டு வைக்க உதவும். பையைத் தாங்க அது ஆகாது.

எடையை இரண்டு பக்கமும் சமமாகப் பிரியுங்கள். டூல்ஸ் போன்ற கனமான சாமான் அடியில், முன்பக்கமாக, உங்கள் உடம்புக்கு அருகில் இருக்கட்டும். பின்னால் தள்ளி ஏற்றினால் முன்சக்கரம் லேசாகி, வேகத்தில் ஹேண்டில் ஆடும். பின் மோனோஷாக்கின் (ஒற்றை ஷாக் அப்சார்பரின்) ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் கூட்டி, டயர் காற்றழுத்தத்தை வண்டிப் புத்தகத்தில் லோடுக்குச் சொல்லியிருக்கிற அளவுக்கு வையுங்கள். இதைச் செய்யாமல் கிளம்பி, பிறகு பையைக் குறை சொல்கிறவர்கள் அதிகம்.

பிரேக் லைட், இண்டிகேட்டர், நம்பர் பிளேட் மூன்றும் மறையாமல் இருக்கிறதா என்று பின்னால் போய் நின்று பாருங்கள். உரசும் இடத்தில் பழைய டியூபை வெட்டி வைத்தால் பெயின்ட் தப்பிக்கும்.

கிளம்பிய முதல் 50 கிலோமீட்டருக்குள் ஒருமுறை நிறுத்தி எல்லா ஸ்ட்ராப்பையும் மறுபடி இறுக்குங்கள். உள்ளே சாமான் படிந்து கட்டு தளர்ந்திருக்கும். நைலான் ஸ்ட்ராப் நனைந்தால் கொஞ்சம் நீளும், அதனால் மழைக்குப் பிறகு இன்னொரு தடவை.