கரண்டு வைக்கும்போது வரும் பேதியும் நாலு பொடி பாக்கெட்டும்

"நாலு நாளா நிக்காம போகுது டாக்டரம்மா. மெடிக்கல்ல கேட்டேன், இதைக் கொடுத்தாங்க." மஞ்சப்பையிலிருந்து நாலு பொடி பாக்கெட்டை எடுத்து மேசையில் வைத்தார் அந்த அம்மா. புரோபயாடிக், அதாவது குடலுக்கு நல்லது செய்யும் என்று கொடுக்கும் உயிருள்ள கிருமி. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு 25 நாள் கரண்டில் 14 முடிந்திருந்தது. (கதிர்வீச்சு சிகிச்சைக்கு எங்கள் பக்கம் 'கரண்டு' என்றுதான் பேர். மின்சாரம் எதுவும் பாய்வதில்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்து, இப்போது நானும் அப்படியே சொல்கிறேன்.)

மூன்றாவது வாரத்துப் பேதி எங்களுக்குப் புதிதல்ல. குடலின் உள்தோல் சில நாட்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்வது. புதுச் செல்கள் பிறக்கும் குழிகளில்தான் கதிரின் அடி பலமாக விழும். பழையது உதிர்ந்துவிடும், புதியது வந்து சேராது. பால் செரிக்கும் நொதி குறைவதால் காலைக் காப்பியே வயிற்றைக் கலக்கும். குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களும் நிலை மாறும்.

நல்ல பாக்டீரியாவை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன? தாய்லாந்தின் சியாங் மாய் மருத்துவர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், இதே நோயுள்ள 63 பெண்களில் ஒரு பகுதியினருக்கு லாக்டோபேசில்லஸும் பிஃபிடோபாக்டீரியமும் கலந்து கொடுத்தார்கள். வெற்று மருந்து (பார்க்க மருந்து மாதிரி, உள்ளே மருந்து இருக்காது) எடுத்தவர்களில் 45 சதவீதம் பேருக்கு நடுத்தரமான அல்லது கடுமையான பேதி. புரோபயாடிக் எடுத்தவர்களில் 9 சதவீதம். கவனிக்க வேண்டியது, கதிர்வீச்சுக்கு ஏழு நாள் முன்பே ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் எலிகளில் செய்து 2012இல் வந்த ஆய்வும் இதையேதான் காட்டியது: கதிருக்கு முன்னால் கொடுத்தால் குடல் தப்பித்தது, பின்னால் கொடுத்துப் பலனில்லை. எல்லா ஆய்வும் இப்படிச் சாதகமாக வரவில்லை. ஸ்பெயினில் வேறொரு வகை பாக்டீரியாவை வைத்துச் செய்ததில் பேதி குறையவில்லை. வகைக்கு வகை வேலை மாறும். "ஏதோ ஒரு புரோபயாடிக் கொடுங்க" என்று கடையில் கேட்பது, "ஏதோ ஒரு ஆன்டிபயாடிக் கொடுங்க" என்பது மாதிரிதான்.

அந்த அம்மா பேதி வந்து நாலாம் நாள் ஆரம்பித்திருந்தார். அதைக்கூட விட்டுவிடலாம். ரத்த அணுக்களைக் குறைக்கக்கூடிய சிஸ்பிளாட்டின் என்கிற புற்றுநோய் மருந்தும் வாராவாரம் ஏறிக்கொண்டிருந்ததால் ரத்தம் எடுத்துப் பார்த்தேன். கிருமியைத் தடுக்கும் வெள்ளணுவான நியூட்ரோஃபில் ஆயிரத்துக்குக் கீழே.

பாக்கெட்டில் இருப்பது உயிருள்ள கிருமி. குடல் சுவர் புண்ணாகி, தடுக்கும் வெள்ளணுக்களும் குறைந்திருக்கும்போது அது ரத்தத்துக்குள் போக வழியுண்டு. சாக்கரோமைசஸ் பொலார்டி என்கிற ஈஸ்ட் வகையைக் கழுத்து ரத்தநாளத்தில் குழாய் போட்டிருப்பவரின் படுக்கையருகே பிரிக்கவே கூடாது. பொடி பறந்து குழாயில் ஒட்டினாலே போதும். நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி நோயாளிகளுக்குத் தொற்றைத் தடுக்கலாம் என்று புரோபயாடிக் கொடுத்துப் பார்த்தார்கள். 2008இல் முடிவு வந்தது: எடுத்தவர்களில் 24 பேர் இறந்தார்கள், எடுக்காதவர்களில் 9 பேர். அதைப் படித்த பிறகு 'சும்மா கொடுத்து வைப்போம், கெடுதல் ஒன்றுமில்லை' என்று எனக்கு எழுத வருவதில்லை. கரண்டு ஆரம்பிக்குமுன், அணுக்கள் சரியாக இருப்பவர்களுக்கு, வகை பார்த்து எழுதுகிறேன்.

"தண்ணி எவ்வளவு குடிக்கிறீங்கம்மா?"

"குடிச்சா போகுதுன்னு நிறுத்திட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூத்திரப்பை நிறைந்திருந்தால் அது குடலை மேலே தள்ளி, கதிரின் பாதையிலிருந்து விலக்கி வைக்கும். காலிப் பையோடு படுத்தால் குடல் கீழே இறங்கிக் கூடுதல் அடி வாங்கும். பேதிக்குப் பயந்து தண்ணீரை விட்டு, பேதிக்கே வழி செய்திருக்கிறார். காசில்லாத இந்தத் தடுப்பை முதல் நாளே இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டியது நான்.

காய்ச்சல் இல்லை. மலப் பரிசோதனைக்கு எழுதி, குளுக்கோஸ் ஏற்றி, ஓஆர்எஸ் கொடுத்தோம்.

"மோராவது குடிக்கலாமா?"

"மோர்லயும் உயிருள்ள கிருமிதான் இருக்கு. அணு ஏறட்டும்மா, அடுத்த வாரம் பார்ப்போம். இப்போ கஞ்சித் தண்ணி குடிங்க."

பாக்கெட்டுகளை எண்ணி மஞ்சப்பையில் போட்டுக்கொண்டார். "பில்லு இருக்கு. திருப்பி வாங்கிக்குவானா?"